ஒரே வீட்டில் ஹனுக்காவும் கிறிஸ்துமஸும்

என் கணவர் யூதர், நான் கிறிஸ்தவள்; எங்களைப் போல இரண்டையும் கொண்டாடுவதாக இருந்தால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா, யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள் தொடங்குவதால், நம் கணக்கில் ஆண்டுதோறும் தேதி மாறும். 2026-இல் டிசம்பர் 4 மாலையே தொடங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு நிறைய அவகாசம் உண்டு. 2027-இல் முதல் விளக்கு டிசம்பர் 24 அன்று, அதுவும் வெள்ளிக்கிழமை. வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளான சபாத்தின் விளக்குக்கு முன்பே ஹனுக்கா விளக்கை ஏற்றியாக வேண்டும். இங்கே பாஸ்டனில் அப்போது நாலேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். இருட்டிய பிறகும் அரை மணி நேரம் எரிய வேண்டியிருப்பதால் நீளமான மெழுகுவர்த்தி வாங்கி வையுங்கள்.

இரண்டையும் கலக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டும் யூதச் சின்னமான தாவீதின் நட்சத்திரம் கடைகளில் கிடைக்கும், நான் வாங்குவதில்லை. அந்தியோக்கஸ் மன்னன் யூத வழிபாட்டைத் தடைசெய்து எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். மக்கபேயர் என்ற யூதப் போராளிகள் அதை மீட்டுச் சுத்திகரித்ததன் நினைவுதான் ஹனுக்கா. தங்கள் வழியை விட்டுக்கொடுக்க மறுத்தவர்களின் பண்டிகையை இன்னொன்றுக்கு அலங்காரமாக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊரில் பெரியவர்கள் “இதெல்லாம் நமக்கு எதற்கு?” என்று கேட்டால், யோவான் 10-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். இயேசு ஆலயத்தில் உலாவிக்கொண்டிருந்த தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை இதுவேதான்.

எங்கள் வீட்டில் ஹனுக்கா விளக்கு சன்னலோரம், கிறிஸ்துமஸ் குடில் கூடத்தில். மெழுகுவர்த்திகளை நாளுக்கு ஒன்றாகக் கூட்டி வலமிருந்து இடமாக அடுக்கி, அன்றைக்குப் புதிதாக வைத்ததை முதலில் ஏற்ற வேண்டும். எபிரேய ஆசீர்வாதத்தைக் கணவர் சொல்வார். நான் உடன் நிற்பேன். குடிலருகே ஜெபம் என்னுடையது. அவர் உடன் நிற்பார்.

லாட்கே என்ற ஹனுக்கா உருளைக்கிழங்கு அடைக்கு, உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் துருவி, பழைய வேட்டித் துணியில் கட்டி ஒட்டப் பிழியுங்கள். வடிந்த நீரின் அடியில் வெள்ளையாகப் படியும் மாவை வீசிவிடாதீர்கள். நீரை மட்டும் கொட்டிவிட்டு அதைத் திரும்பச் சேர்த்து, முட்டையும் கொஞ்சம் மைதாவும் உப்பும் போட்டுத் தட்டிப் பொரித்தால் ஓரமெல்லாம் மொறுமொறுப்பாக வரும்.

பரிசுகளைச் சிறியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கோஷர் என்ற யூத உணவு விதிகளைப் பார்க்கும் மாமியார் வந்தால், பிரியாணியும் தயிர்ப்பச்சடியும் ஆகாது. இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. நான் மீன்குழம்பு வைத்துவிடுவேன். செதிலும் துடுப்பும் உள்ள மீனாகப் பாருங்கள்; இறால் கூடாது. எந்தப் பாத்திரத்தில் சமைக்கலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.