கருமுட்டை வெளிவரும் நாளை உடல் உணர்த்தும் விதம்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வீடுகள் பலவற்றில், மாதத்தின் நடுவே வெள்ளைப்பட்டால் அதை உடல் சூடு என்று முடிவுசெய்து வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்துவிடுவார்கள். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண் அந்தச் சில நாட்களின் ஈரத்தை நோயென்று எண்ணி ஒதுங்கினால், உடல் தரும் மிகத் தெளிவான அறிகுறியையே தவறவிடுகிறாள்.

முதலில் நாட்கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுவோர் உண்டு. மருத்துவக் கணக்கில் இரத்தப்போக்கு தொடங்கிய நாளே 1ஆம் நாள். எல்லோருக்கும் 14ஆம் நாளில்தான் கருமுட்டை வெளிவரும் என்பதும் சரியன்று. முட்டை வெளிவந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அடுத்த மாதவிடாய் வருகிறது. அதற்கு முந்தைய பகுதிதான் ஆளுக்கு ஆள் கூடவும் குறையவும் செய்கிறது. ஆகவே 35 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்கு அது 21ஆம் நாளை ஒட்டி நிகழக்கூடும்.

இனி ஈரத்தைக் கவனியுங்கள். மாதவிடாய் நின்றபின் சில நாட்கள் வறட்சியாக இருக்கும். பிறகு பசைபோன்றும் அடுத்துப் பாலேடு போன்றும் கசிவு தோன்றும். முட்டை வெளிவரும் நாள் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மிகுவதால், அது பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போலத் தெளிந்து, வழுவழுப்பாகி, இரு விரல்களுக்கிடையே அறுபடாமல் நீளும். விந்தணுக்கள் 5 நாட்கள் வரை உயிர்த்திருக்க இந்தக் கசிவே துணைசெய்கிறது. கையைக் கழுவிக்கொண்டு, சிறுநீர் கழிக்கச் செல்லும்போது வெளிப்புறத்தைத் துடைத்துப் பார்த்தாலே போதும். உறவு கொண்ட மறுநாள் விந்தும் கலந்திருக்குமாதலால், அன்றைய தோற்றத்தை நம்ப வேண்டாம். தயிர்த்திரள் போன்று அரிப்போடு வந்தாலோ, மஞ்சளாகவோ பச்சையாகவோ துர்நாற்றத்தோடு வந்தாலோ அது தொற்றாக இருக்கலாம். வெந்தயத்தை நம்பியிராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உடல் வெப்பம் வேறு வகையில் உதவுகிறது. முட்டை வெளிவந்தபின் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், காலை வெப்பத்தை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்துகிறது. எழுந்து வாசல் தெளிக்கப் போவதற்கு முன், தண்ணீரும் குடிக்காமல், படுக்கையிலேயே நாக்கின் அடியில் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்து நாள்தோறும் அளந்து எழுத வேண்டும். உயர்ந்த அளவு 3 நாட்கள் நீடித்தால் முட்டை வெளிவந்துவிட்டது என்று கொள்ளலாம். அது நடந்து முடிந்ததைத்தான் சொல்லும் என்பதால், 2, 3 மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் பயன். காய்ச்சலோ, கத்திரி வெயில் காலத்து உறங்காத இரவோ குறுக்கிட்டால் அதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் சுருக்கென்ற வலியும் மார்பில் கனமும் சிலருக்கு இருக்கும், இல்லாவிட்டால் குறையொன்றுமில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை, முட்டையை வெளிவரத் தூண்டும் எல்எச் ஹார்மோனின் உயர்வைக் காட்டிய 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரலாம். ஆனால் பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களுக்கு அது தவறாகவும் காட்டும்.

வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிரோடிருக்கும். எனவே வெப்பம் உயரட்டும் என்று காத்திராமல், வழுவழுப்பு தொடங்கிய நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாளாவது கூடுவதே தக்கது. ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு இப்போதே தொடங்கிவிடலாம்.

35 வயதுக்குட்பட்டவர்கள் ஓராண்டும், அதைக் கடந்தவர்கள் 6 மாதமும் முயன்று பார்த்தபின், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ மகப்பேறு மருத்துவரை அணுகலாம். மாதவிடாய் ஒழுங்கற்று வந்தால் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். “விசேஷம் ஏதும் உண்டா” என்ற கேள்வியைப் பெண்ணிடம் மட்டுமே கேட்டுப் பழகிய உறவுகளுக்கு நடுவே இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: குறிப்பெழுதிய நோட்டோடு கணவரையும் அழைத்துச் செல்லுங்கள், அவருடைய விந்துப் பரிசோதனையும் முதல் சுற்றிலேயே செய்யப்பட வேண்டியது.