லட்சம் மைல் தாண்டிய மோட்டார்ஹோமுக்கு எந்த ஆயில், எப்படி மாற்றுவது: ஃபோர்டு வி10 இன்ஜினுக்கான வழிமுறை

அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு வீடு போல அமைத்த வண்டி) வாங்கப் போனால், ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கிளாஸ் சி வண்டிகளில் நிறையவற்றுக்கு அடியில் ஃபோர்டு இ-450 சேசிதான் இருக்கும். அதில் இருப்பது 6.8 லிட்டர் ட்ரைட்டன் வி10 பெட்ரோல் இன்ஜின். 1997-ல் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் விற்ற இன்ஜின் இது. ஆயிலை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 2 லட்சம் மைலையும் தாண்டும். இங்கே சொல்வதெல்லாம் அந்த இன்ஜினை வைத்துத்தான். வேறு இன்ஜின் என்றால் அளவுகள் மாறும், முறை பெரும்பாலும் மாறாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மோட்டார்ஹோம் ஆயிலைக் கெடுப்பது ஓடிய மைல் மட்டும் அல்ல, நின்ற மாதங்களும்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்புக்குள் இறங்கும். வண்டி நன்றாகச் சூடேறி ஓடினால் அந்த ஈரமும் ஆவியாகி வெளியேறும். குளிர்காலத்தில் நிறுத்திவைத்த வண்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பலருக்கும் வழக்கம். பேட்டரிக்கு நல்லது என்று நினைத்துச் செய்யும் அந்த வேலை, ஆயிலுக்குள் தண்ணீரையும் எரியாத பெட்ரோலையும் சேர்த்துக்கொண்டே போகிறது. ஓட்டினால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

அதனால் கணக்கு இப்படி: 3,000 முதல் 5,000 மைல், அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். வருடத்துக்கு 1,200 மைல்தான் ஓடியது என்றாலும் மாற்றத்தான் வேண்டும். எப்போது மாற்றுவது என்பதும் முக்கியம். பலர் வசந்தத்தில், பயணம் கிளம்பும் முன் மாற்றுகிறார்கள். சீசன் முடிந்து வண்டியை ஓரங்கட்டும் முன் மாற்றுவதே சரி. அமிலமும் ஈரமும் ஏறிய பழைய ஆயிலில் பேரிங்குகள் ஐந்து மாதம் ஊறிக் கிடக்கக் கூடாது.

ஆயில் வாங்கும் முன்

கடைக்குப் போகும் முன், ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது குற்றமில்லை. அழுக்கைப் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. இந்த இன்ஜினில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் தனி இக்னிஷன் காயில் உண்டு, பத்தில் ஒன்று பழுதாகியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எந்த ஆயில் ஊற்றினாலும் வீண். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் ஈரம். நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டத்தில் போய்விடும். டிப்ஸ்டிக்கிலேயே பால் கலந்த காபி நிறம் இருந்தாலோ, ரேடியேட்டர் கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வந்தாலோ விஷயம் வேறு. கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, வண்டியை ஓட்டாதீர்கள்.

அடுத்து கசிவு. ஃபில்டர் உட்காரும் அடாப்டரின் கேஸ்கட் இந்த இன்ஜினில் அடிக்கடி கசியும். முன்பக்கம் ஃபில்டருக்கு மேலே ஈரம் தெரிந்தால் அதுதான் முதல் சந்தேகம். பின்பக்கம், கியர்பாக்ஸ் சேருமிடத்தில் சொட்டினால் உடனே ரியர் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) என்று முடிவுகட்டி கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார்கள். பொறுங்கள். வால்வு கவரின் பின்மூலையில் கசிந்தாலும் ஆயில் வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். வண்டிக்குள்ளிருந்து இன்ஜின் மூடியைக் கழற்றி, மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். மூடியைக் கழற்றிய கையோடு, இன்டேக்கின் பின்புறம் இருக்கும் பிசிவி (சம்பின் ஆவியை இன்டேக்குக்கு இழுக்கும் அமைப்பு) ரப்பர் முழங்கைக் குழாயையும் தொட்டுப் பாருங்கள். சூட்டில் வெந்து பிசுபிசுத்து விரிசல் விடுவது அதன் சுபாவம். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று சொல்லும் பி0171, பி0174 பிழைக் குறியீடுகள் வருவதற்கு அது ஒரு சகஜமான காரணம். சம்பிலுள்ள ஈரம் வெளியேற வேண்டிய வழியும் அதுதான்.

எந்த கிரேடு

கிரேடில் முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதையும், இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதையும் காட்டும். 2001 மாடல் காலத்திலிருந்து ஃபோர்டு இந்த இன்ஜினுக்கு 5டபிள்யூ-20 சொல்கிறது. அதற்கு முன் வந்தவற்றுக்கு முதலில் 5டபிள்யூ-30 சொல்லி, பிறகு அவற்றுக்கும் 5டபிள்யூ-20 போதும் என்றது. எரிபொருள் சிக்கனம் அந்த மாற்றத்தின் பெரிய காரணம்.

இன்ஜின் ஆயில் குடிக்கவில்லை, சூட்டில் ஐடிலில் சத்தமில்லை என்றால் 5டபிள்யூ-20-ஐ விட்டு நகர வேண்டியதில்லை. 3,000 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு (ஏறத்தாழ ஒரு லிட்டர்) மேல் குறைகிறது, அல்லது ஏற்றம் ஏறி இறங்கியபின் ஐடிலில் முன்பக்கத்திலிருந்து செயின் தட்டும் சத்தம் வருகிறது என்றால் 5டபிள்யூ-30-க்கு மாறுங்கள். இந்த இன்ஜினில் டைமிங் செயினை இழுத்துப் பிடிப்பது ஆயில் பிரஷர்தான். சூட்டில் ஆயில் நீர்த்தால் செயின் தளர்ந்து பிளாஸ்டிக் கைடில் அடிக்கும். கோடையில் அரிசோனா வெயிலில், பின்னால் காரையும் கட்டிக்கொண்டு, கொலராடோவின் ஐ-70 நெடுஞ்சாலையில் 11,000 அடி உயரத்து ஐசன்ஹோவர் சுரங்கம்வரை 4,000 ஆர்பிஎம்மில் ஏறும் வண்டிக்கு, எந்தக் கோளாறும் இல்லாவிட்டாலும் 5டபிள்யூ-30 ஊற்றுவதே எங்கள் கருத்து.

டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் நடுவில் அசையாமல் நிற்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அந்தக் கால ஃபோர்டுகளில் அது உண்மையான மீட்டர் இல்லை, வெறும் சுவிட்ச். பிரஷர் சுமார் 6 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) மேல் இருந்தால் முள் நடுவில் நிற்கும், கீழே போனால் விழுந்துவிடும். 10 இருந்தாலும் 60 இருந்தாலும் ஒரே காட்சிதான். வண்டி 1,20,000 மைல் தாண்டிவிட்டால் ஒருமுறையாவது மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்ப்பது நல்லது. சூடான இன்ஜினில் 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு.

டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்ற தர முத்திரை இருக்கட்டும். 75,000 மைலுக்கு மேல் என்று எழுதிய ஹை மைலேஜ் ஆயில்களில் காய்ந்த ரப்பர் சீலைச் சற்றே உப்ப வைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். லேசாக ஈரம் கோர்க்கும் சீல்களில் இரண்டு ஆயில் மாற்றத்துக்குள் பலன் தெரியும். கிழிந்த கேஸ்கட்டை அது ஒட்டவைக்காது. சின்தெட்டிக் ஊற்றினால் கசியும் என்ற பயம் வேண்டாம். கசிந்தால், பழைய படிவு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை முன்பே அங்கே இருந்தது என்று பொருள்.

இரண்டை மட்டும் செய்யாதீர்கள். டீசல் இன்ஜினுக்கான 15டபிள்யூ-40 கெட்டியாக இருக்கிறதே என்று இதில் ஊற்றாதீர்கள். குளிர் காலையில் மேலே ஏறத் தாமதமாகும். ஆயில் குடிக்கும் இன்ஜினில் அதிலுள்ள கூடுதல் பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். அடுத்தது இன்ஜின் ஃபிளஷ். பல வருடப் படிவை ஒரே அடியாகக் கரைத்தால் அது கட்டிகட்டியாகப் போய் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். முந்தைய உரிமையாளர் கவனிக்காமல் விட்ட வண்டி என்றால் 1,500 மைலுக்கு ஒருமுறை என மூன்று தடவை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். மெதுவாகத்தான் சுத்தமாக வேண்டும்.

ஃபில்டர் மோட்டார்கிராஃப்ட் எஃப்எல்-820எஸ். நின்றபின் ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் சிலிக்கான் வால்வு அதில் உண்டு. மலிவு ஃபில்டர்களில் சாதாரண ரப்பர் இருக்கும், சூட்டில் விறைத்துவிடும். விறைத்தால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் இரண்டு மூன்று நொடி செயின் வெறுமனே கடகடக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இந்த வால்வு மிகவும் முக்கியம்.

மாற்றும் முறை

தேவையானவை: ஆயில் 7 குவார்ட், ஃபில்டர், டிரெயின் பிளக்குக்கு (சம்பின் அடியில் ஆயிலை வடிக்கத் திறக்கும் போல்ட்) ஒரு புது வாஷர், குறைந்தது 10 குவார்ட் பிடிக்கும் தட்டு, ஃபில்டர் ரெஞ்ச், நைட்ரைல் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, அட்டைப்பெட்டித் துண்டு. ஐந்து குவார்ட் டப்பா ஒன்றும் தனி குவார்ட் பாட்டில் இரண்டும் வாங்கினால் சரியாக இருக்கும்.

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து சமதளத்தில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் ஆயில் முழுவதும் வடியாது, டிப்ஸ்டிக்கும் தப்பாகக் காட்டும். பார்க்கில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். இ-450 தரையிலிருந்து உயரமாக நிற்பதால் பெரும்பாலும் தூக்காமலே அடியில் போகலாம். வண்டியைச் சமன்படுத்தும் ஹைட்ராலிக் ஜாக்குகளை நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். ஒரு ஓஸ் வெடித்தாலோ வால்வு கசிந்தாலோ ஆறு டன் எடை உங்கள் மேல் இறங்கும்.

முதலில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிவைத்துவிட்டு, பிறகு டிரெயின் பிளக்கைத் திறங்கள். கடைசி மரைவரை பிளக்கை உள்பக்கமாக அழுத்திப் பிடித்துத் திருகி, சட்டென்று விலக்கினால் கை நனையாது. ஆரம்பத்தில் ஆயில் ஒரு அடி தள்ளிப் பீய்ச்சும், அடங்க அடங்கப் பின்னுக்கு வரும். தட்டை அதற்கேற்ப நகர்த்துங்கள். லேப் பரிசோதனைக்கு அனுப்புவதானால் பாதி வடிந்தபோது, நடு ஓட்டத்தில் பாட்டிலில் பிடியுங்கள். அதில் சிலிக்கான் ஏறியிருந்தால் ஏர்ஃபில்டர் பக்கம் தூசி நுழைகிறது. சோடியம், பொட்டாசியம் தெரிந்தால் கூலன்ட். ஈயம் கூடினால் பேரிங். இருபது நிமிடம் சொட்டவிடுங்கள்.

பிளக்கின் மரையைத் துடைத்து, புது வாஷரோடு கையால் முழுவதும் திருகுங்கள். கையால் திருக முடியவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். இறுக்குவது 20 அடி-பவுண்டுக்கு மேல் போகவே வேண்டாம். அளவுக்கு மீறி இறுக்கி மரை போன சம்புகள் ஏராளம்.

ஃபில்டரைக் கழற்றும்போது ஆயில் குறுக்குச் சட்டத்தின் மேல் வழிந்து நாள் கணக்கில் சொட்டும். அட்டையை V வடிவில் மடித்து அடியில் செருகினால் நேராகத் தட்டுக்குள் விழும். கழற்றியதும் இன்ஜின் பக்கத்து வட்ட முகத்தை விரலால் தடவுங்கள். பழைய ரப்பர் வளையம் சிலசமயம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், கறுப்பின் மேல் கறுப்பாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் புது ஃபில்டரை மாட்டினால் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் ஆயில் முழுவதும் தரையில். புது வளையத்தில் ஆயில் தடவி, முகம் தொட்டதும் முக்கால் சுற்று, கையாலேயே.

வி10-இல் பழைய மாடல்களுக்கு 6 குவார்ட், பிந்தையவற்றுக்கு 7. உங்கள் ஆண்டுக்கு எது என்று கையேட்டில் பாருங்கள். அதில் அரை குவார்ட் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஃபில்டரிலும் பிளக்கிலும் கசிவு பாருங்கள். பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக். இதன் குழாய் நீளம் என்பதால் சுவரில் உரசி ஆயில் பூசிக்கொள்ளும். இருமுறை துடைத்துப் பார்த்து, இரு பக்கத்தில் எது குறைவாகக் காட்டுகிறதோ அதை நம்புங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே ஒரு குவார்ட். மேல் குறியைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை பேரிங்கைக் காக்காது. கூடுதலை வடித்துவிடுங்கள்.

பழைய ஃபில்டரை அறுத்துத் தாள் மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். காந்தம் பிடிக்கும் பொடி சிறிது இருப்பது இயல்பு. செம்பு நிற மினுமினுப்பு பேரிங் தேய்வு. மஞ்சளும் பழுப்புமான பிளாஸ்டிக் துணுக்கு செயின் கைடு உடைகிறது என்பதற்கு அடையாளம். நீண்ட பயணத்தை ஒத்திவைத்துவிட்டு அதைப் பாருங்கள்.

ஜெனரேட்டரை மறந்துவிடாதீர்கள். ஓனன் மைக்ரோகொயட் 4000 என்றால் 150 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ஆயில். அதற்குத் தனி ஃபில்டர் கிடையாது, ஆகவே நாள் தள்ளக் கூடாது. பழைய ஆயிலைக் கூலன்ட்டோடு கலக்காமல் தனி டப்பாவில் ஊற்றி எடுத்துப் போனால், அமெரிக்காவில் உதிரிபாகக் கடைகள் பலவும் காசில்லாமல் வாங்கிக்கொள்ளும். கலந்துவிட்டால் வாங்க மாட்டார்கள். தேதியையும் மைலையும் ஜெனரேட்டர் மணியையும் வெள்ளை மார்க்கரால் புது ஃபில்டரின் மேலேயே எழுதிவிடுங்கள்.