மிக்ஸரில் ஒரு சேனல்: மேலிருந்து கீழே, குமிழ் குமிழாக

மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில், தீர்த்தவாரிக்கு மைக் செட் போட்டிருந்தோம். காலையிலிருந்து அறிவிப்புக்கு வைத்திருந்த மைக்கைத் தூக்கி நாயனக்காரர் முன்னால் வைத்துவிட்டார்கள். முதல் பிடியிலேயே ஸ்பீக்கர் பிய்ந்துபோனது போல ஒரு கரகரப்பு. ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டியான மிக்ஸரில், ஒலியளவை மாற்றும் சறுக்குப் பிடியான ஃபேடரைக் கீழே இழுத்தேன். சத்தம் குறைந்தது, கரகரப்பு போகவில்லை. மேலும் இழுத்தேன். மெதுவாகக் கரகரத்தது, அவ்வளவுதான். வாசித்து முடித்த பெரியவர் என்னிடம் வந்து, "தம்பி, கிழிந்தது என் சீவாளியா, உங்கள் பெட்டியா?" என்று கேட்டார்.

அவர் சீவாளிக்கு, அதாவது நாயனத்தின் ஊதுமுனைக்கு, ஒன்றும் ஆகவில்லை. தவறு என் கெயின் குமிழில், அதாவது உள்ளே வரும் ஒலியைத் தூக்கும் குமிழில் இருந்தது. அதனால்தான் இந்தப் பாடத்தில் பாதி கெயினைப் பற்றியே இருக்கப்போகிறது.

16 சேனல் மிக்ஸரைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு மைக்குக்கோ கருவிக்கோ உரிய குமிழ் வரிசைதான் ஒரு சேனல்; அதே வரிசைதான் 16 முறை திரும்ப வருகிறது. ஒன்றைக் கற்றால் எல்லாம் கற்ற மாதிரி. ஒலி ஏறக்குறைய மேலிருந்து கீழே பாய்கிறது. நாமும் அப்படியே இறங்குவோம்.

முதலில் சேனலைத் துடைத்து வையுங்கள். ஃபேடர் அடியில், மியூட் அழுத்தியபடி, கெயின் முழுக்க இடப்பக்கம், ஆக்ஸ் குமிழ்கள் பூஜ்ஜியத்தில், தடித்த, நடு, கீச்சு ஒலிகளைத் தனித்தனியே மாற்றும் ஈக்யூ குமிழ்கள் நட்டநடுவில். நேற்று யாரோ திருகி வைத்ததன் மேல் இன்றைய வேலையைத் தொடங்கக் கூடாது.

அடுத்து ஒயர். மைக் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டில், கீபோர்டும் கைப்பேசியும் லைன் சாக்கெட்டில். பேச்சுக்கு மைக் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. லைன் கருவிகள் தருவதோ ஒரு வோல்ட்டை ஒட்டி வரும். மைக்கின் அந்தச் சொற்ப மின்னழுத்தத்தைத் தூக்கி நிறுத்துவதுதான் கெயினின் வேலை. 60 டெசிபல் கெயின் என்றால் ஆயிரம் மடங்கு.

மைக் கண்டென்சர் வகையாக இருந்தால், அதற்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபான்டம் பொத்தானை அழுத்த வேண்டும். சாதாரண டைனமிக் மைக்குக்குத் தேவையில்லை. சிறிய மிக்ஸர்களில் பெரும்பாலும் எல்லா சேனல்களுக்கும் சேர்த்து ஒரே பொத்தான்தான் இருக்கும். மெயின் ஒலியைக் குறைக்காமல் அழுத்தினால் ஸ்பீக்கரில் 'டம்' என்று ஒரு வெடி கேட்கும்; கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

இனி கெயின். பிஎஃப்எல் பொத்தானை அழுத்துங்கள். ஃபேடரைத் தொடும் முன்பே அந்தச் சேனலின் அளவை மீட்டர் காட்டும். பாடுபவரை உண்மையான குரலில் பாடச் சொல்லுங்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்ற முணுமுணுப்பை நம்பி வைக்கும் கெயின் எதற்கும் உதவாது. மேடையில் கைதட்டல் கேட்டதும் அதே மனிதர் இரண்டு மடங்கு கத்துவார். மீட்டர் 0 அருகே ஆடும் வரை மெல்ல ஏற்றுங்கள்; உச்ச ஸ்தாயியில் சற்று மேலே போகலாம், சிவப்பு விளக்கு மட்டும் எரியக் கூடாது. டிஜிட்டல் மிக்ஸரில் 0 என்பதே கூரை; அங்கே சராசரி −18 அருகில் இருக்கட்டும்.

சிவப்பு எரிந்தால் ஒலி வாசலிலேயே நசுங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் ஃபேடரைக் குறைத்தாலும், நசுங்கிய ஒலிதான் சின்னதாகக் கேட்கும். நான் கடற்கரையில் செய்த முட்டாள்தனம் அதுதான். நாயனம், தவில் என்றால் கெயினை அடியிலிருந்தே தொடங்குங்கள், உள்ளே வரும் ஒலியை ஒரேயடியாகக் குறைக்கும் பேட் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், மைக்கை இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். மாறாக, கெயின் போதாமல் ஃபேடரை உச்சிக்குத் தள்ளினால் 'உஸ்' என்ற இரைச்சலும் கூடவே ஏறும்.

லோ கட் பொத்தான் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டும். கடலூர்க் கடற்காற்று மைக்கில் மோதி எழுப்பும் 'புஸ் புஸ்', மேடைப் பலகையில் நடக்கும் கால் ஓசை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பேச்சுக்கும் பாட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவேன். தவிலின் தடித்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்துக்கும் கீபோர்டுக்கும் வேண்டாம்.

ஈக்யூவில் கூட்டுவதைவிடக் குறைப்பதே பெரும்பாலும் நல்லது. நடுப்பகுதிக்கு இரண்டு குமிழ்கள் இருந்தால் ஒன்று எந்த அதிர்வெண் என்று இடத்தைத் தேடும், மற்றது அங்கே அளவை மாற்றும். மெயின் ஒலியைத் தாழ்த்திக்கொண்டு, அளவைக் கொஞ்சம் கூட்டி, இடத்தை மெல்ல நகர்த்துங்கள். குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கும் இடம் பெரும்பாலும் 300 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் கிடைக்கும். அங்கே 3, 4 டெசிபல் குறைத்தாலே சொற்கள் தெளியும்.

ஆக்ஸ் குமிழ் ஒலியின் ஒரு பங்கை வேறு இடத்துக்கு அனுப்பும். பாடகர் தன் குரலைக் கேட்கும் மானிட்டருக்கு ப்ரீ ஃபேடர். அப்போது நீங்கள் ஃபேடரை அசைத்தாலும் அவர் கேட்பது மாறாது. எக்கோவுக்கு போஸ்ட் ஃபேடர்; ஃபேடரோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கும். ஆனால் கெயின் இரண்டுக்கும் முன்னால் நிற்கிறது. நிகழ்ச்சி நடுவே அதைத் திருகி ஏற்றினால் மானிட்டர் ஏறி ஊளையிடத் தொடங்கும். அவசரம் என்றால் ஃபேடரைத் தொடுங்கள்.

ஒலியை இடது, வலது ஸ்பீக்கருக்குப் பகிரும் பான் குமிழ் நடுவிலேயே இருக்கட்டும். திருவிழா மைதானத்தில் இடது ஓரம் நிற்பவருக்கு வலது ஸ்பீக்கர் கேட்காது.

கடைசியில் மியூட்டை எடுத்து, ஃபேடரை 0 குறி நோக்கி மெல்ல ஏற்றுங்கள். அந்தக் குறியைச் சுற்றி விரல் நகரும் தூரத்துக்கு ஒலி நிதானமாக மாறும். அடியில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே தடாலென்று மாறும். கெயின் சரியாக இருந்தால் ஃபேடர் 0 பக்கம்தான் நிற்கும்.

முடிந்ததும் ஆம்ப்ளிஃபயரை முதலில் அணையுங்கள், பிறகு மிக்ஸரை. ஈரத் துணி வேண்டாம், காய்ந்த துணியால் துடைத்து மூடி வையுங்கள். உப்புக் காற்று ஒரு பருவத்திலேயே சாக்கெட்டைப் பச்சை பூக்க வைத்துவிடும்.