பழைய லென்ஸ் விற்கும் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

பயன்படுத்திய கேமராவும் லென்ஸும் ஆர்வலர்களுக்குள்ளேயே கைமாறும் இடத்துக்கு எப்போதும் புதிதாக யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் எழுதும் விளம்பரங்களைப் படித்தால், அந்தக் காலத்தில் நாங்கள் எழுதிய அதே வரிகள். "நல்ல கண்டிஷன், கொஞ்சமாகத்தான் பயன்படுத்தியது, சீரியஸான ஆட்கள் மட்டும் பேசவும்." விலையைப் போடுங்கள், படம் தெளிவாக இருக்கட்டும், அடுத்தவர் பொருளை விற்காதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்த ஆட்களே மாட்டிக்கொள்ளும் சங்கதிகளைத்தான் எழுதுகிறேன்.

"மின்ட் கண்டிஷன்"

பெட்டியை விட்டு வெளியே வராத பொருளுக்குச் சொல்ல வேண்டியது இது. நான்கு வருடம் தோளில் தொங்கிய பாடிக்கு (லென்ஸ் நீங்கலான கேமராவுக்கு) சொல்வது அல்ல. அதற்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டாலும் கீறல் மறையாது. அதை விட்டுவிட்டு, இருப்பதை எழுதுங்கள்: ஜூம் வளையத்தின் ரப்பர் தளர்ந்திருக்கிறது, அடிப்பக்கம் பெயின்ட் போய் உலோகம் தெரிகிறது, ஃபில்டர் மாட்டும் மரை ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் சின்னக் குறை என்று விட்டுவிடுகிறார்கள். நசுங்கிய மரை என்றால் லென்ஸ் கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வாங்குபவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

"கண்ணாடி க்ளீன்"

இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னை எரிச்சலூட்டுவது இந்த வரிதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. பூசணிக்காய் இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

ஒருமுறை அபெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, மாற்றும் வளையம் இல்லாத நிக்கான் ஜி வகை லென்ஸ் ஒன்றை வாங்கினேன். விற்றவர் நல்ல மனிதர். லென்ஸைக் கையில் எடுத்து, ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒன்றுமே இல்லை" என்று மனசாரச் சொன்னார். எனக்கு வந்து சேர்ந்த லென்ஸில் உள்கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிப் பூஞ்சை, சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. இந்த வகை லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றியதும் அபெர்ச்சர் தானாக முழுவதும் சுருங்கிக்கொள்ளும். அவர் பார்த்தது நடுவில் இருந்த சின்ன ஓட்டையை மட்டும். பூஞ்சையோ பெரும்பாலும் விளிம்பிலிருந்துதான் உள்ளே பரவும். அதாவது, அந்தத் துளையைச் சுருக்கி மூடியிருந்த மெல்லிய பிளேடுகளுக்குப் பின்னால்.

லென்ஸின் பின்பக்கம் ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. அதை விரலால் தள்ளிப் பிடித்தால் பிளேடுகள் விரியும். அவ்வளவுதான் வேலை. வளையம் உள்ள பழைய லென்ஸ் என்றால் அதை மிகக் குறைந்த எண்ணுக்கு, 1.8 அல்லது 2.8 எதுவோ அதற்கு, திருப்பிவிட்டுப் பாருங்கள். கேனான் இ.எஃப். லென்ஸ்கள் வழக்கமாகக் கழற்றிய நிலையில் திறந்தே இருக்கும், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

அந்த லென்ஸ் திரும்பிப் போனது. இரண்டு பக்கக் கூரியர் செலவு யாருடையது என்று கொஞ்ச நாள் இழுபறி. எல்லாம் போகட்டும். அடுத்த மாதமே அதே லென்ஸ், அதே படங்களோடு, அதே "கண்ணாடி க்ளீன்" வரியோடு மறுபடி விற்பனைக்கு வந்தது! தெரியாமல் செய்தது முதல் தடவை. இரண்டாம் தடவைக்கு என்ன பெயர் வைப்பது?

சரி, எப்படிப் பார்ப்பது? அறையை இருட்டாக்குங்கள். பின்பக்கமிருந்து எல்.இ.டி. டார்ச்சை நேராக அடிக்காமல் கொஞ்சம் சாய்த்து அடித்து, முன்பக்கமிருந்து வேறு கோணத்தில் பாருங்கள். அப்புறம் லென்ஸைத் திருப்பி, முன்னாலிருந்து டார்ச், பின்னாலிருந்து கண். ஜூம் லென்ஸ் என்றால் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். கண்ணாடிகள் நகரும்போது, முன்பு மறைந்திருந்தது தெரியும். சூரியனை நோக்கிப் பிடித்து மட்டும் பார்க்காதீர்கள். கண் போய்விடும்.

டார்ச் வெளிச்சத்தில் தெரிவதெல்லாம் குறை அல்ல. இங்கேதான் புதியவர்கள் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள், தூசியைப் பார்த்துவிட்டு லென்ஸே வீண் என்று கூப்பாடு போடுகிறார்கள். தனித்தனிப் புள்ளியாகத் தெரிவது தூசி, படத்தில் பெரும்பாலும் வராது. மிகப் பழைய கண்ணாடியில் ஓரிரு காற்றுக் குமிழி இருப்பது தயாரிப்பிலேயே வந்தது. கிளை கிளையாக, நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுக்க மூச்சு விட்டதுபோல மங்கலாக இருந்தால் அது ஹேஸ். பெரும்பாலும் உள்ளேயிருக்கும் கிரீஸ் ஆவியாகிப் படிந்தது. வானவில் நிறத்தில் திட்டுத் திட்டாக மின்னினால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் ஒட்டுவதற்குக் கனடா பால்சம் என்ற மரப்பிசினைப் பயன்படுத்தினார்கள். பசை விட்ட லென்ஸைச் சரிசெய்வது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. பென்டாக்ஸின் சில பழைய டாகுமார் லென்ஸ்களில் கண்ணாடி மஞ்சளாக இருக்கும். அது தோரியம் கலந்த கண்ணாடி நாளாக ஆக நிறம் மாறுவதால் வருவது. புற ஊதா வெளிச்சத்தில் வைத்தால் குறையும். விற்பவர் அதைச் சொன்னாலே போதும், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

பூஞ்சைக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்றால், துடைத்தால் போய்விடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. சீக்கிரம் கவனித்தால் போகலாம். ஆனால் பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல் பூச்சை அரித்துவிட்டால், சுத்தம் செய்த பிறகும் தடம் அப்படியே நிற்கும். எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் படம் வெளிறிப்போகும். பிரித்துச் சுத்தம் செய்யும் கூலி பல சாதாரண லென்ஸ்களின் விலையையே தாண்டிவிடும். ஆகவே "லேசான பூஞ்சை, விளிம்பில் மட்டும்" என்று எழுதி, டார்ச் படம் ஒன்றும் வெள்ளைச் சுவருக்கு எதிரே எடுத்த படம் ஒன்றும் போட்டு, அதற்கேற்ற விலை சொல்லுங்கள். வாங்க ஆள் இருக்கிறது. தானே பிரித்துப் பழக நினைப்பவர்கள் அப்படிப்பட்ட லென்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. லென்ஸை அதன் தோல் உறைக்குள்ளேயே வருடக்கணக்கில் வைத்திருந்து, "உறையோடு பத்திரமாக இருந்தது" என்று பெருமையாக எழுதுவார்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். எனக்கு அந்த வரியைப் பார்த்தாலே டார்ச் ஞாபகம் வரும்.

பிளேடில் எண்ணெய்

எண்ணெய் இருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதாது, என்ன வகை லென்ஸ் என்பதும் முக்கியம். பெரும்பாலான எஸ்.எல்.ஆர். (உள்ளே ஆடி வைத்து லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா) லென்ஸ்களில் படம் எடுக்கும் நொடியில்தான் பிளேடுகள் சட்டென்று சுருங்க வேண்டும். எண்ணெய் இருந்தால் தாமதமாகும், படம் அதிக வெளிச்சமாக விழும். நிக்கானின் 55 மி.மீ. 2.8 மைக்ரோ லென்ஸ் இதற்குப் பேர்போனது. ஹீலியோஸ் 44-2 போலக் கையாலேயே அபெர்ச்சரை மூடித் திறக்கும் லென்ஸில் அதே எண்ணெய் ஒரு பிரச்சினையே இல்லை.

"எல்லா நிக்கானிலும் பொருந்தும்"

பொருந்தும், ஆனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாமா? நிக்கானின் எஃப் மவுன்ட், அதாவது லென்ஸைப் பாடியில் மாட்டும் வாய், 1959-இல் வந்தது. லென்ஸின் அபெர்ச்சரைப் பாடிக்குத் தெரிவிக்கும் ஏ.ஐ. முறை 1977-இல் வந்தது. அதற்கு முந்தைய, மாற்றம் செய்யாத லென்ஸைப் பிந்தைய பல பாடிகளில் மாட்டினால் மவுன்ட் ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்பு உடைந்துவிடும். லென்ஸ் மலிவு, பாடி காலி. இன்னொரு பக்கம், டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. சொந்த மோட்டார் இல்லாத 50 மி.மீ. 1.8டி லென்ஸை அதில் மாட்டிவிட்டு "ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை, ஏமாற்றிவிட்டார்" என்று விற்றவர்மேல் பாய்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த லென்ஸில் ஒரு குறையும் இல்லை.

எம்42 என்ற பழைய திருகு மவுன்ட் லென்ஸ் வாங்குபவர்களுக்கும் இதே கதை. அதற்கு மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. தூரம் வேண்டும். நிக்கான் எஃப் பாடியில் அதுவே 46.5 மி.மீ. உள்ளே திருத்தும் கண்ணாடி இல்லாத அடாப்டர் (மவுன்ட் மாற்றும் வளையம்) போட்டால் தொலைவில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது. கேனான் இ.எஃப். பாடியில் 44 மி.மீ., அங்கே அடாப்டருக்கு இடம் இருக்கிறது. விற்பவர் எந்த பாடியில் வைத்துப் பயன்படுத்தினார் என்று ஒரு வரி எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராது.

"எனக்கு வேண்டும்"

முதலில் "எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னவருக்குத்தான் பொருள். "ஆர்வம் இருக்கிறது", "யோசித்துச் சொல்கிறேன்", "இன்னும் இருக்கா ப்ரோ?" இவை எதுவும் வரிசையில் இடம் பிடிக்காது. இந்த வித்தியாசம் வாங்குபவருக்கும் தெரிய வேண்டும், விற்பவருக்கும் தெரிய வேண்டும். ஒருவருக்கு எடுத்துவைக்கிறேன் என்று சொன்னால், எதுவரை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கெடு முடிந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போகலாம்.

நடுவில் ஒருவர் கூடுதல் விலை தருகிறேன் என்று வருவார். வாய்ப்பேச்சு முடிந்த பிறகு அவரிடம் கொடுத்தால் கிடைப்பது கொஞ்சம் பணம். இந்த வட்டம் சின்னது. முதலில் கேட்டவர் அடுத்த வருடம் உங்களிடம் இல்லாத ஒரு லென்ஸை வைத்திருப்பார், அப்போது அவர் ஞாபகத்தில் நீங்கள் இருப்பீர்கள். விற்று முடிந்ததும் விலையை அழிக்காமல் "விற்றாகிவிட்டது" என்று மட்டும் போடுங்கள். அடுத்து விற்க வருபவருக்கு விலை தெரிய அதுதான் வழி.

"லாஸ்ட் ப்ரைஸ்?"

வணக்கம் கூடச் சொல்லாமல் இதைக் கேட்பவருக்கு நான் பதில் எழுதுவதில்லை.

அடுத்தவர் விலையைப் பொதுவில் கிண்டலடிப்பது

வேண்டாம். பிடிக்காவிட்டால் வாங்காமல் போங்கள்.

படத்தோடு போகும் முகவரி

ஃபோனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் பதிவாகியிருக்கலாம். விலை உயர்ந்த பொருள் இருக்கும் வீடு எது என்று ஊருக்கே சொல்கிறீர்கள். அனுப்புமுன் இடத் தகவலை எடுத்துவிடுங்கள். அதே சமயம், பொருளுக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் கையால் எழுதிய ஒரு சீட்டை வைத்து ஒரு படம் எடுங்கள். வேறு எங்கிருந்தோ திருடிய படத்தை வைத்து விற்பவரிடம் இந்தப் படம் இருக்காது. ஷட்டர் கவுன்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை தடவை இயங்கியது என்ற எண்ணிக்கை) கேட்டால் எண்ணை மட்டும் சொல்லாமல், நிக்கான் என்றால் அன்று எடுத்த ஒரு மூலக் கோப்பையே கொடுங்கள், எண் அதற்குள்ளேயே இருக்கும்.

பணம்

முன்பின் தெரியாதவர் பேபாலில் "நண்பர்கள், குடும்பம்" வழியாக அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். வாங்குபவருக்கான பாதுகாப்பு அந்த வழியில் கிடையாது. கட்டணத்தை மிச்சம் பிடிக்கத்தான் என்பார்கள். அந்தக் கட்டணத்தை நானே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பலர் அதோடு காணாமல் போவார்கள்.

பார்சல்

பாடியில் லென்ஸை மாட்டியபடியே அனுப்பாதீர்கள். பெட்டி விழும் அதிர்ச்சி முழுவதும் மவுன்ட்டில் இறங்கும். இரண்டையும் கழற்றி, மூடிகள் போட்டு, தனித்தனியாகச் சுற்றுங்கள். ஜூம் லென்ஸை உள்ளே சுருக்கி வையுங்கள். பெட்டிக்குள் பெட்டி, நடுவில் எல்லாப் பக்கமும் மெத்தை. குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. பேட்டரியைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டுங்கள். உதிரி லித்தியம் அயன் பேட்டரியைத் தனியாக அனுப்புவது வேறு விஷயம்: அவற்றைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது. எனவே கூரியரில் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

வாங்கியவர் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுக்கட்டும்.

நடுவில் யாரையாவது இழுப்பது

சண்டை வந்ததும், பொதுவான ஒரு மூத்தவரிடம் ஓடி, "நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்பார்கள். எனக்கும் இப்படி அழைப்பு வருவதுண்டு. நடுவில் இருப்பவர் லென்ஸைப் பார்த்ததில்லை, பணத்தைத் தொட்டதில்லை, யாரையும் கட்டாயப்படுத்தவும் அவரால் முடியாது. அவர் பார்க்க முடிந்தது நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டதை மட்டும். பேசியதெல்லாம் ஃபோனில் என்றால் அவரிடம் எதுவும் இல்லை. ஆகவே பணம் போகுமுன்பே மூன்று விஷயத்தை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்: பரிசோதிக்க எத்தனை நாள், என்ன காரணத்துக்குத் திருப்பலாம், திருப்பும் செலவு யாருடையது. எழுதியதற்கு மாறான குறை இருந்தால் இருபக்கச் செலவும் விற்றவருக்கு, மனசு மாறினால் வாங்கியவருக்கு. இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் இதுவரை பார்க்கவில்லை. இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை.