மாற்கு 4:35–41: புயல் கதையை உற்று வாசிக்க ஒரு வழி

திருகோணமலையில் அன்பியக் கூட்டத்துக்கோ (அயலிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுவது) வீட்டு வேதபாடத்துக்கோ இந்தப் பகுதியை எடுத்தால் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். சீடரோடு வள்ளத்தில் போன இயேசு, கலிலேயா ஏரியில் எழுந்த புயலை அதட்டி நிறுத்துவதை மாற்கு நற்செய்தி இங்கே சொல்கிறது. ஏழே வசனம்தான். ஆனாலும் முதல் இருபது நிமிடம் யாரும் விளக்கம் சொல்லக்கூடாது. இரண்டு பேர் மாறி மாறிச் சத்தமாக வாசிக்கட்டும். பிறகு எல்லாரும் கொப்பியின் ஒரு பக்கத்தில் பார்த்தெழுதி, எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். கண் தாவிப்போகும் சொல் எழுதும்போது அகப்படும்.

வெறும் பக்கத்தில், கதைக்குத் தேவையில்லாததுபோல நிற்கும் விபரங்களைக் குறியுங்கள். கடற்தொழில் செய்கிறவர் ஒருவர் இருந்தால் 36ஆம் வசனத்தில் கூடவந்த மற்ற வள்ளங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்பார். மாற்கு சொல்லவில்லை, மத்தேயுவிலும் லூக்காவிலும் அந்த வள்ளங்களே இல்லை. கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள், பதில் கட்ட வேண்டாம்.

பயத்தை மட்டும் வேறு நிறப் பேனையால் கோடிடுங்கள். அலை வள்ளத்தை நிரப்பும்போது சீடர் பயந்தார்கள் என்று மாற்கு எழுதவில்லை. உமக்குக் கவலையில்லையா என்று இயேசுவிடம் குறைபடுகிறார்கள். மிகவும் பயந்தார்கள் என்று அவர் எழுதுவது காற்று நின்ற பிறகு, 41இல். தண்ணீரைவிட வள்ளத்தில் இருப்பவர்தான் அவர்களை நடுங்கவைக்கிறார். ‘இவர் யார்?’ என்ற அவர்களுடைய கேள்வியோடு அதிகாரம் முடிகிறது. அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, மாற்கு போட்டதல்ல. எனவே 5:7 வரை போங்கள்: கல்லறைகளிலிருந்து வந்த பேய்பிடித்தவன், உன்னத கடவுளின் மகனே என்று கூப்பிடுகிறான்.

அடுத்தது மத்தேயு 8:23–27. அங்கே இயேசு முதலில் ‘ஏன் பயப்படுகிறீர்கள்?’ என்று சீடரைக் கேட்டுவிட்டுத்தான் காற்றை அதட்டுகிறார். மாற்கில் வரிசை மறுபக்கம். இரண்டையும் கலந்து ஒரே கதையாகச் சொல்வதுதான் வழமையான பிழை, வித்தியாசமே கரைந்துபோகும்.

வாடைக்காலத்தில் நாட்கணக்காகக் கொந்தளிக்கும் நம் கடலையும் அங்கே கொண்டுபோக வேண்டாம். கலிலேயா நன்னீர் ஏரி: நீளம் சுமார் 21 கிலோமீற்றர், அகலம் 13. கடல்மட்டத்துக்கு 200 மீற்றருக்கும் கீழே கிடப்பதால் சுற்றியுள்ள மேட்டிலிருந்து காற்று திடீரென இறங்கும்.

பேச்சு எப்படியும் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் போகும். தடுக்காதீர்கள், கடைசிப் பதினைந்து நிமிடத்தை அதற்கு வையுங்கள். முந்திவிட்டால் வசனம் பின்னுக்குப் போய்விடும். அந்தப் பேச்சில், ‘இன்னும் விசுவாசமில்லையா?’ என்று இயேசு கேட்கும் 40ஆம் வசனத்தை எடுத்து, விசுவாசம் போதவில்லை என்று யார்மேலும் எறிய விடாதீர்கள். மாற்கில் அந்தக் கேள்வி வள்ளத்தில் இருந்தவர்களிடம், எல்லாரும் தப்பிய பிறகு கேட்கப்பட்டது.