கடலோரத்துக் கேரவன் பனிமலை ஏறும் முன்: தண்ணீரும் டீசலும் உறையாமல் காக்கும் வழி

ராமநாதபுரம் கரையில் ஓடும் வண்டி உறைபனியைப் பார்த்திருக்காது. மார்கழி விடியலில்கூடப் பாம்பனில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அதனால் இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் கட்டும் கேரவன்களில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர், தரைக்கு அடியில் தொங்கும் தொட்டி, வெளியே ஓடும் பிளாஸ்டிக் குழாய் எல்லாம் சகஜம். நம் ஊர் வெயிலுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதே வண்டி டிசம்பரில் மதுரை போய் 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து ஸ்ரீநகர் சேர்ந்தால், சில்லை கலான் காலத்தில் நுழைகிறது. டிசம்பர் 21 முதல் 40 நாள், தால் ஏரியே ஓரம் உறையும் குளிர் அது. மணாலிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். 2020 அக்டோபரில் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கத்தில் புகுந்தால் சில நிமிடத்தில் 3,000 மீட்டர் உயரத்தில் லாஹவுல் என்ற குளிர்ப் பள்ளத்தாக்கில் இருப்பீர்கள். வண்டியைத் தயார் செய்ய அங்கே நேரமும் இல்லை, பட்டறையும் இல்லை. எல்லாவற்றையும் ஊரிலேயே முடித்துவிட வேண்டும்.

பெரும்பாலோர் முதலில் ஹீட்டர் வாங்குகிறார்கள். அது கடைசியில் வாங்க வேண்டிய சாமான். வண்டியை உடைப்பது உள்ளே நிற்கும் தண்ணீர்தான். அதைக் கவனித்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

தண்ணீர்க் குழாய்கள்

தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. குழாய் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் வெடிப்பதில்லை. பனிக்கட்டி அடைப்புக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவே சிக்கிய தண்ணீரின் அழுத்தம் ஏறி, பலவீனமான இணைப்பில் பிளக்கிறது. திருகைத் திறந்து வைத்தாலே பாதி ஆபத்து போய்விடும் என்பது இதனால்தான்.

உறையும் இரவுக்கு முன் தண்ணீரை முழுக்க இறக்கும் வரிசை இது. பம்பின் மின்சாரத்தை நிறுத்துங்கள். தொட்டியின் அடி வால்வைத் திறந்து காலி செய்யுங்கள். சமையல் மேடை, குளியலறைத் திருகுகளை எல்லாம் திறந்துவிடுங்கள். சூடும் குளிரும் கலக்கும் திருகு என்றால் நெம்புகோலை நடுவில் நிறுத்துங்கள், இல்லையேல் ஒரு பக்கத்துக் குழாயில் தண்ணீர் தங்கிவிடும். கை ஷவரைக் கழற்றித் தரையில் தொங்கவிடுங்கள். கீசரின் வடிகால் திருகைக் கழற்றுங்கள். கேஸ் கீசர் என்றால் உள்ளே உள்ள செம்புச் சுருள்தான் முதல் பலி. ஒரு கைப்பிடித் தண்ணீர் தங்கினாலும் அது பிளந்துவிடும். பிறகு பம்பைப் போட்டு அரை நிமிடம் ஓடவிட்டு, அதன் தலைக்குள் இருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

இவ்வளவு செய்தும் குழாய் தொய்ந்த இடங்களில் தண்ணீர் குளம் கட்டி நிற்கும். அரை அங்குலக் குழாய் 6 மீட்டருக்கு முக்கால் லிட்டர் பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்றை 30 பிஎஸ்ஐ-க்கு மேல் போகாமல் வைத்து, ஒவ்வொரு திருகாகத் திறந்து ஊதினால் அதுவும் போய்விடும். அழுத்தம் கூடினால் இணைப்புகள் கழன்றுகொள்ளும், கவனம். ஆர்.ஓ. வடிகட்டி வைத்திருந்தால் அதன் சவ்வையும் வடிகட்டிக் குடுவையையும் ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஒருமுறை உறைந்த சவ்வு வடிகட்டாது, பார்வைக்கும் தெரியாது.

புதிதாகக் குழாய் போடுவதாக இருந்தால் பிவிசி வேண்டாம். குளிரில் நொறுங்கும். வளையும் பெக்ஸ் (ஒரு வகைப் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். குழாயையும் தொட்டியையும் தரைக்கு மேலே, அறைக்குள் கொண்டுவருவதுதான் சரியான வேலை. முடியாத இடத்தில் ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு நுரை உறையை 13 முதல் 19 மி.மீ. தடிமனில் வாங்கி மாட்டி, மூட்டுகளை டேப் போட்டு ஒட்டுங்கள். உறை குளிரைத் தாமதப்படுத்தும், தடுக்காது. மீன் ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மலிவாகக் கிடைக்கிறதே என்று சுவருக்குள் திணிக்காதீர்கள். தீப்பிடித்தால் நிமிடத்தில் உருகிக் கொட்டும்.

மைனஸ் 10-க்குக் கீழே போகும் ஊர்களில் எங்கள் யோசனை, குழாயையே மறந்துவிடுங்கள். 20 லிட்டர் கேன் இரண்டு, ஒவ்வொன்றிலும் 18 லிட்டர் மட்டும், படுக்கைக்குப் பக்கத்தில். கை கழுவிய தண்ணீருக்கு ஒரு வாளி போதும்.

கழிவு நீர்ப் பக்கம் நம் ஊர்ச் சரக்கு ஒன்று உதவும். பாத்தி பாத்தியாக உப்பு விளையும் வாலிநோக்கத்தார் இதைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். கடல் நீர் மைனஸ் 1.9 டிகிரி வரைதான் தாங்கும். ஆனால் 10 லிட்டருக்கு 1 கிலோ கல்லுப்பு கரைத்தால் மைனஸ் 6 வரை உறையாது. சிங்க்கின் அடியில் உள்ள யு வளைவிலும் கழிவுத் தொட்டியிலும் இதை ஊற்றலாம், எல்லாம் பிளாஸ்டிக்காக இருந்தால் மட்டும். நல்ல தண்ணீர்க் குழாயில், பம்பில், கீசரில் உப்பு படவே கூடாது. அங்கே வேண்டுமானால் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த, உணவுத் தரமுள்ள உறைதடுப்பானை 3 முதல் 4 லிட்டர் பம்ப் வழியாக ஓட்டுங்கள். ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய்களும் குடித்துவிடும் அபாயம் உண்டு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

ரேடியேட்டர்

கடலோரத்துப் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்புப் படிந்த ரேடியேட்டரில் கூலன்ட் (எத்திலீன் கிளைக்கால் உள்ள உறைதடுப்புத் திரவம்) ஊற்றுவது வீண். முதலில் இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டு அலசி, கடைசி அலசலுக்கு டிஸ்டில்ட் வாட்டர் விடுங்கள். ஓஸ் கிளிப்புகள் உப்புக் காற்றில் துருப்பிடித்திருக்கும், விரலால் முறுக்கினால் ஒடிந்தால் மாற்றிவிடுங்கள். அரிச்சல்முனைச் சாலையில் அடிக்கடி ஓடிய வண்டி என்றால் பிரேக் குழாய்களையும் சேர்த்துப் பாருங்கள். மலையில் உடைவது பெரும்பாலும் ஊரில் துருப்பிடித்ததுதான்.

கூலன்ட் 50, டிஸ்டில்ட் வாட்டர் 50. இது மைனஸ் 37 வரை உறையாது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூலன்ட் என்றால் மைனஸ் 17-தான். அப்படியானால் நூறு சதவீதம் ஊற்றினால் இன்னும் நல்லதா என்று கேட்பார்கள். இல்லை. தனி எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறையத் தொடங்கும். கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் வாங்கினால் அதில் மேலும் தண்ணீர் விடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால், கலவையை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி நிரப்பி, இறுக மூடி, "விஷம்" என்று எழுதி, வீட்டு ஃபிரீசரில் ஓர் இரவு வையுங்கள். ஃபிரீசர் மைனஸ் 18 அளவில் இருக்கும். காலையில் கலவை தண்ணீராகவே ஓடினால் சரி. கூழாகவோ கட்டியாகவோ இருந்தால் கலவை தவறு. ஃபிரீசரில் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். கண்ணாடி துடைக்கும் வைப்பர் தண்ணீரையும் காலி செய்து, உறையாத வாஷர் திரவம் நிரப்புங்கள்.

டீசல்

டீசலில் மெழுகு இருக்கிறது. குளிர்ந்தால் அது திரண்டு, முதலில் ஃபில்டரை அடைக்கும். இந்தியத் தர விதியில் சாதாரண டீசல் ஓட்டம் இழக்கும் புள்ளிக்கு வரம்பு குளிர்காலத்தில் 3 டிகிரி, கோடையில் 15 டிகிரி. நம் பங்க்கில் நிரப்பிய டீசலோடு மலையேறுவது ஆபத்தாவது இதனால்தான். தென்னாட்டு டீசல் தீரும்படி கணக்கிட்டு, கால் தொட்டியோடு மலை அடிவாரம் சேருங்கள். அங்கேயும் மேலேயும் உள்ள பங்க்குகளில் நிரப்பிக்கொள்ளுங்கள். லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அறிமுகம் செய்த குளிர்கால டீசல் மைனஸ் 33 வரை ஓடும். மேலே போன பிறகு இரவில் தொட்டியை நிறைத்தே வையுங்கள், வெற்றிடத்தில் ஈரம் படிந்து டீசலில் தண்ணீர் சேரும். டீசலில் தண்ணீர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விசைப்படகுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளம்பும் முன் ஃபில்டரை மாற்றி, தண்ணீர் பிரிப்பானை வடித்துவிடுங்கள். டீசலுக்கென்றே விற்கும் உறைதடுப்பு மருந்தை டீசல் கெட்டியாகும் முன்பே கலக்க வேண்டும், கெட்டியான மெழுகை அது கரைக்காது. மண்ணெண்ணெய் கலக்கும் பழைய லாரி வைத்தியம், புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ்-6 எஞ்சினின் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் கெடுக்கும். அடைத்துவிட்டால் வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டர் மேல் சுற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தீ மூட்டும் வழக்கத்தைச் சிலர் செய்யக் காணலாம், அருகே போகாதீர்கள்.

பிஎஸ்-6 வண்டியில் ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசல்) இருந்தால் அது மைனஸ் 11-ல் உறையும். அதன் தொட்டிக்கு ஹீட்டர் உண்டு, ஆனால் விளிம்பு வரை நிரப்பாதீர்கள். எஞ்சின் ஆயிலை வண்டிக் கையேடு அனுமதித்தால் 15டபிள்யூ-40-லிருந்து குளிரில் கெட்டியாகாமல் ஓடும் 5டபிள்யூ-40-க்கு மாற்றுங்கள். திரும்பி வந்து நம் வெயிலில் ஓடவும் அது தாங்கும்.

பேட்டரி

முழு சார்ஜில் உள்ள லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 60 வரை உறையாது. காலியான பேட்டரி மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து ஓடு வெடிக்கும். குளிரில் அதன் சக்தி பாதியாகக் குறைவதால், ஊரில் இழுத்துப் பிடித்து செல்ஃப் எடுக்கும் பேட்டரி அங்கே நிச்சயம் எடுக்காது. அறையின் விளக்கு, பம்புக்கான பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை என்றால், பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது. காலையில் சூரியத் தகடு தானாகவே சார்ஜ் அனுப்பத் தொடங்கும். அதைத் தடுக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) இருக்கிறதா என்று உறுதி செய்து, பேட்டரியை அறைக்குள் வையுங்கள்.

இரவுச் சூடும் மூச்சும்

கேஸ் சிலிண்டர் குளிரில் ஏன் சோர்கிறது என்றால், பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். சமையல் எரிவாயு இரண்டின் கலவை. சிலிண்டரை இளஞ்சூட்டு நீர்த் தொட்டியில் நிறுத்தலாம், கொதிநீரோ நெருப்போ ஆகாது.

கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ எரியவிட்டுக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தலைவலி வரும்போதே உடல் தளர்ந்துவிடும். அந்த வாயுவை அளவிடும் அலாரம் ஒன்றைப் படுக்கை உயரத்தில் மாட்டுங்கள்.

புகையை வெளியே விடும் 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் ஒரு மணிக்கு 0.1 முதல் 0.25 லிட்டர் குடிக்கும். உயரத்தில் காற்று மெலிந்ததால் டீசல் முழுதாக எரியாமல் கரி அடைக்கும், உயரத்துக்கேற்ப டீசல் அளவைக் குறைக்கும் வசதி இருப்பதை வாங்குங்கள். புகைக்குழாய் வாய் பனிக்குள் புதையாமல் நிற்க வேண்டும். ஒருவர் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலும் கால் லிட்டர் அளவுக்கு ஈரம் விடுகிறார், அது கண்ணாடியில் உறைந்து, காலையில் மெத்தையில் சொட்டும். குளிர் என்று எல்லா ஓட்டைகளையும் அடைக்காதீர்கள். கூரை வென்ட்டை இரண்டு விரல் திறந்து வைத்து, முன் கண்ணாடிக்கும் அறைக்கும் நடுவே கனத்த திரை போடுங்கள்.

நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள், ஈரமான கேபிள் உறைந்து, பிரேக் விடுபடாமல் மாட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். டயர் காற்று 5.5 டிகிரிக்கு 1 பிஎஸ்ஐ வீதம் குறையும். உயரம் ஏறினால் அளவி எதிர்ப்பக்கம் கூட்டிக் காட்டும். அதனால் மேலே சேர்ந்ததும் குளிர்ந்த டயரில் அளந்து சரிசெய்யுங்கள். இறங்கி வந்ததும் திரும்ப அளக்க வேண்டும்.

உறைந்துவிட்டால்

திருகைத் திறந்து வைத்து, பம்பை நிறுத்துங்கள். உறைந்த குழாயில் பம்பை ஓட்டினால் பம்ப் தலை பிளக்கும். திருகுப் பக்கத்திலிருந்து தொட்டிப் பக்கமாக, ஹேர் டிரையரோ வெந்நீர்த் துணியோ கொண்டு சூடாக்குங்கள். உருகும் தண்ணீர் வெளியேற வழி இருக்கும். தீயை ஊதும் புளோ லாம்ப் வேண்டவே வேண்டாம். குழாய் உறைந்திருக்கும் வரை வெடிப்பு தெரியாது. உருகிய பிறகு பம்பைப் போட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் டிஷ்யூ தாளைச் சுற்றிப் பாருங்கள். ஈரமானால் அந்த இணைப்பை மாற்றும் வரை தொட்டியை நிரப்பாதீர்கள்.