அப்டேட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறதா? ஃபார்மேட் போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

எங்கள் தெருவில் முன்பு குடியிருந்த அக்கா ஒருவர் ஒரு புதன்கிழமை காலை போன் செய்தார். வீட்டிலேயே டைப்பிங் வேலை எடுத்துச் செய்பவர்: பத்திர வரைவு, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், கோயில் விழா நோட்டீஸ், இந்த மாதிரி. ராத்திரி அப்டேட் ஏதோ தானாக ஓடியிருக்கிறது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு ஃபைலைத் திறந்த பத்தாவது நிமிடம் திரை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு முறை பவர் பட்டனை அழுத்தி அணைத்துப் போட்டிருக்கிறார், மறுபடியும் அதே கதை. பக்கத்துக் கடையில் கேட்டால் "கொண்டு வாங்க, ஃபார்மேட் போட்டுடலாம்" என்றார்களாம். "தம்பி, நாளைக்குக் குடுக்க வேண்டிய வேலையெல்லாம் உள்ளேயே கிடக்குதுப்பா" என்றார், குரலே சரியில்லை.

ஃபார்மேட் போட்டால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் அக்கா பல வருடமாகப் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்து வைத்திருக்கிறார். அந்த எழுத்துருக்கள் இருப்பது சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். சி டிரைவை அழித்தால் அவையும் போய்விடும். அப்புறம் டி டிரைவில் பத்திரமாக இருக்கும் ஃபைலைத் திறந்தாலும் தமிழ் வராது, ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குழம்பித்தான் தெரியும். டெஸ்க்டாப்பில் சேமித்தது, பிரின்டர் செட்டிங், பிரவுசரில் வைத்த பாஸ்வேர்டு என்று இன்னும் எவ்வளவோ போகும். அப்டேட்டால் வந்த கோளாறு என்றால் அந்த அப்டேட்டை மட்டும் கழற்றி எடுக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. அதைச் செய்து பார்க்காமல் ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

புதன்கிழமை என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்தது. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு. நமக்கு அது செவ்வாய் இரவு 10.30 அல்லது 11.30. அதனால் நம் ஊரில் இந்தத் தொல்லை பெரும்பாலும் மறுநாள் புதன் காலையில்தான் தலைகாட்டும்.

நின்றுவிட்டதா, வேலையில் இருக்கிறதா?

முதலில் தெரிய வேண்டியது இதுதான். கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, திரையோ ஏதோ ஒரு புரோகிராமோ மட்டும் சிக்கிக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை அழுத்தியும் விளக்கு அசையவில்லை, ஐந்து பத்து நிமிடம் காத்திருந்தும் மாற்றமில்லை என்றால் மொத்தமாக உறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது பவர் பட்டனைப் பத்து விநாடி விடாமல் அழுத்தி அணைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

விளக்கு எரிந்தால் அவசரப்படாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், மெதுவாக வந்தாலும் வரும். அதில் டிஸ்க் என்ற பத்தியில் 100 சதவீதம் காட்டி, மேலே விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர், ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள், சர்ச் இன்டெக்ஸர் போன்ற பெயர்கள் இருந்தால் அது ஹேங்கே இல்லை. அப்டேட் போட்டு முடித்த பிறகும் விண்டோஸ் பின்னால் மிச்ச வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம்கூட இழுக்கும். சார்ஜரை மாட்டிவிட்டு, எதையும் திறக்காமல் அப்படியே விடுங்கள். அதேபோல, அப்டேட் நடக்கும்போது திரையில் சதவீதம் 30-லேயே நிற்கிறது என்று பிளக்கைப் பிடுங்கவே கூடாது. டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை நம்பிக் காத்திருக்கலாம். பாதியில் மின்சாரம் போவது அப்டேட்டுக்கு ரொம்பக் கெடுதல், எனவே பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில் காலையில் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு உட்காராதீர்கள்.

அக்காவிடம் வாட்ஸ்அப் வீடியோ காலில் வரச் சொல்லி, "கேமராவைக் கீபோர்டு பக்கம் திருப்புங்கக்கா, கேப்ஸ் லாக்கை அமுக்குங்க" என்றேன். பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. திரையில் மட்டும் மணி 9.47-லேயே நின்றது, என் போனில் 10.05. மவுஸ் அம்பும் நகரவில்லை, டாஸ்க் மேனேஜரும் வரவில்லை. உள்ளே எல்லாம் ஓடுகிறது, படம் மட்டும் நின்றுவிட்டது என்றால் முதல் சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது திரையில் படம் காட்டும் பாகத்தை விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருள் மேல்தான் போக வேண்டும். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ஆங்கில பி (B) எழுத்தை ஒரு தட்டு தட்டச் சொன்னேன். 'பீப்' என்று ஒரு சத்தம், திரை ஒரு கணம் கறுத்தது, அம்பு நகர ஆரம்பித்துவிட்டது. இந்த நான்கு கீயும் கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் புதிதாகத் தொடங்கவைக்கும், திறந்திருக்கும் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு குரோம் பிரவுசரைத் திறந்தால் சில கம்ப்யூட்டர்கள் உறைந்து நின்றபோது, மே மாதம் திருத்தம் வரும் வரை மைக்ரோசாஃப்ட்டே சொன்ன தற்காலிக வழிகளில் இதுவும் ஒன்று.

உயிர் வந்ததும் முதல் வேலை, திறந்திருப்பதைச் சேமித்து முக்கியமானவற்றைப் பென் டிரைவில் காப்பி எடுப்பது. அக்கா நாளைய வேலையையும், எழுத்துரு ஃபோல்டரையும் எடுத்துக்கொண்டார். அரை மணியில் மறுபடி நின்றது. சரி, இனி உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

சேஃப் மோடுக்குள் நுழைவது

சேஃப் மோட் என்பது மிகத் தேவையானவற்றை மட்டும் வைத்து விண்டோஸைத் தொடங்கும் முறை. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட்டைக் கிளிக் செய்தால் நீல நிறத்தில் ஒரு மெனு வரும். டெஸ்க்டாப் வரையே போக முடியவில்லை என்றால், ஆன் செய்து லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள், இப்படி இரண்டு மூன்று முறை தொடர்ந்து செய்தால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் எண் 4. இணையத்தோடு வேண்டுமென்றால் 5.

அதற்கு முன்னால் ஒரு விஷயம், இதைத் தவறவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். சமீபத்திய லேப்டாப்களில் நாம் கேட்காமலேயே பிட்லாக்கர் பூட்டு (டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாமல் செய்வது) போடப்பட்டிருக்கலாம். அப்படியிருந்தால் இந்த வழியில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அந்த லேப்டாப்பில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைகிறீர்களோ அதே கணக்கை போனில் திறந்து, டிவைஸஸ் பகுதியில் ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பார்த்து இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம்தான் இருக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு விழுந்தன. தீர்வு என்னவோ எளிதுதான், சேஃப் மோடில் போய் கோளாறான ஒரு ஃபைலை அழித்தால் போதும். ஆனால் அந்த ஃபைல் வரை போகவே பல இடங்களில் பிட்லாக்கர் கீயைத் தேடி அலைய வேண்டியிருந்தது. அப்டேட் என்றால் விண்டோஸ் அப்டேட் மட்டுமில்லை, ஆன்டிவைரஸும் டிரைவரும்கூட ராத்திரியில் தானாக மாறும் என்பதற்கும் அதுவே சாட்சி.

சேஃப் மோடில் அரை மணி ஒரு மணி விட்டுப் பாருங்கள். அங்கே நிற்காமல் ஓடினால் கோளாறு டிரைவரிலோ, தானாகத் தொடங்கும் ஏதோ ஒரு புரோகிராமிலோ இருக்கிறது. அக்காவின் கம்ப்யூட்டர் அங்கே ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர், அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், உள்ளே இருக்கும் பெயரில் இரட்டைக் கிளிக், டிரைவர் என்ற டேப். தேதியைப் பார்த்தால் புது டிரைவர்தான், அப்டேட்டோடு சேர்ந்து வந்திருக்கிறது. ரோல் பேக் டிரைவரை அழுத்திப் பழையதைக் கொண்டுவந்து, சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தோம். அதற்கப்புறம் நிற்கவில்லை. ரோல் பேக் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் கம்ப்யூட்டரில் இல்லை என்று அர்த்தம், லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு முந்தைய பதிப்பை இறக்கிக்கொள்ளலாம்.

அப்டேட்டையே கழற்றுவது

டிரைவர் மாறவில்லை என்றால் அடுத்தது இது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, கீழே போனால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். கேபி (KB) என்று தொடங்கும் எண்களும் தேதிகளும் வரிசையாக இருக்கும். ஹேங் தொடங்கிய நாளோடு பொருந்துவதை மட்டும் எடுங்கள், அந்த எண்ணைக் குறித்தும் வையுங்கள். டெஸ்க்டாப் வரை போக முடியாதவர்களுக்கு மேலே சொன்ன நீல மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் தனியாகவே இருக்கிறது. அதில் குவாலிட்டி அப்டேட் என்பது மாதாமாதம் வருவது, ஃபீச்சர் அப்டேட் என்பது வருடத்துக்கொரு முறை வரும் பெரிய மாற்றம். முதலில் குவாலிட்டியைக் கழற்றிப் பாருங்கள். ஃபீச்சர் அப்டேட்டிலிருந்து பின்வாங்குவதற்குச் சாதாரணமாக 10 நாள்தான் கெடு, அதற்குமேல் பழைய ஃபைல்களை விண்டோஸ் அழித்துவிடும். எனவே புதுப் பதிப்பு வந்த வாரத்திலேயே தொல்லை தொடங்கினால் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

கழற்றியதும் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாஸ் (Pause) கொடுத்து இரண்டு வாரம் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கே திரும்பி வந்து உட்காரும். ஐந்து வாரம் வரை நிறுத்த இடமிருக்கிறது. ஆனால் அப்டேட்டே வேண்டாம் என்று நிரந்தரமாக நிறுத்தும் வேலைக்குப் போகாதீர்கள், அது நெட் பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டரின் கதவைத் திறந்துபோடுவது மாதிரி. இரண்டு வாரம் கழித்து விடுங்கள், பெரும்பாலும் அதற்குள் திருத்தம் வந்திருக்கும். பலருக்கும் தெரியாத இன்னொன்று, சில கோளாறுகளை மைக்ரோசாஃப்ட் தன் பக்கத்திலிருந்தே அணைத்துவிடும். அந்த மாற்றம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர ஒரு நாள் வரை ஆகலாம், நெட் இணைப்பில் வைத்து ஒன்றிரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தால் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும்.

ரீஸ்டார்ட் என்றால் ரீஸ்டார்ட்தான், ஷட் டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணையாது, அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து மறுநாள் எடுத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் டேபில் அப் டைம் பாருங்கள், தினமும் அணைக்கிற கம்ப்யூட்டரில் பத்துப் பன்னிரண்டு நாள் காட்டினால் காரணம் இதுதான்.

சில சமயம் குற்றம் அப்டேட் மேலேயே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இதில்தான் டேட்டா போகிறது. அப்டேட் ஒன்று பல ஜிபி அளவுக்கு டிஸ்க்கில் எழுதும், படிக்கும். ஏற்கெனவே சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்க் அந்தப் பாரத்தில்தான் முதல் தடவையாகத் தடுமாறும், நாம் அப்டேட்டைத் திட்டுவோம். சேஃப் மோடிலும் நிற்கிறது, 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறது, ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது என்றால் ரிப்பேர் எதுவும் வேண்டாம், முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் நிலையைச் சொல்லும். நீலம் என்றால் நல்லது, மஞ்சளோ சிவப்போ என்றால் டிஸ்க்கை மாற்ற வேண்டிய நேரம். அந்த டிஸ்க்கில் ஃபார்மேட் போட்டாலும் கொஞ்ச நாள்தான் தாங்கும். சி டிரைவில் இடம் இல்லாமல் சிவப்புக்கோடு காட்டினாலும் இதே மாதிரி மூச்சுத் திணறும், 20 ஜிபியாவது காலியாக வையுங்கள்.

டிரைவரும் சரி, டிஸ்க்கும் சரி, அப்டேட்டைக் கழற்றியும் நிற்கிறது என்றால் விண்டோஸ் 11-இல் கடைசியாக ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி போனால் ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட் என்று இருக்கும், பக்கத்தில் ரீஇன்ஸ்டால் நவ். இது இருக்கும் விண்டோஸின் மேலேயே புதிதாகப் போடும், உங்கள் ஃபைல், புரோகிராம், செட்டிங் எல்லாம் அப்படியே இருக்கும். சில ஜிபி இறங்கும், தினசரி டேட்டா பேக்கில் ஓட்டுகிறவர்கள் அதற்கேற்ற நெட் இருக்கும்போது செய்யுங்கள்.

இதற்கும் அடங்காமல் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த கேபி எண்ணைக் கழற்றினீர்கள், சேஃப் மோடில் ஓடியதா என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கையில் காலியான ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கும் இருக்கட்டும். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரையும், விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் உங்கள் கண் முன்னாலேயே அதில் காப்பி எடுத்து, நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்த பிறகு கம்ப்யூட்டரை ஒப்படையுங்கள்.